யாசாவைக் கேட்டு வாங்கிய நாள்

நான் முதலில் பார்த்தபோது யாசா ஒருவனுடைய காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். முழங்காலுக்குக் கீழே குண்டு பாய்ந்து, மாதக்கணக்கில் ஆறாத புண். கொதிக்கவைத்து ஆறிய உப்புத் தண்ணீரை ஒரு பழைய எண்ணெய் டப்பாவிலிருந்து மெல்லிய தாரையாக ஊற்றினாள். மற்றக் கையில் மூங்கிலைச் சீவிச் செய்த இடுக்கி. செத்த சதையை மட்டும் அதனால் கிள்ளி எடுத்து ஒரு வாழையிலைத் துண்டில் வைத்தாள். கால்காரன் ஆள் பெரியவன், கழுத்து நிறையத் தாயத்து. பல்லைக் கடித்துக்கொண்டு மரத்தைப் பார்த்தபடி இருந்தான்.

"ஏன் தைக்கல?" என்றேன். சோதித்துப் பார்க்கத்தான் கேட்டேன்.

"அழுக்குக் காயம், ஓல்மா. மூடினா உள்ளயே அழுகும். சதை சிவப்பா வந்தப்புறம் பாத்துக்கலாம்."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"அவரு செத்துட்டாரு."

எங்கள் ஊரில் வயதான பெண்களை ஓல்மா என்பார்கள், ஆண்களை ஓல்பா. அப்போது எனக்கு அறுபத்தொன்று. மிஷன் ஆஸ்பத்திரியில் உதவித் தாதியாகப் படித்தவள். போரில் அந்த ஆஸ்பத்திரியின் கூரைத் தகரம்கூட மிஞ்சவில்லை. இரண்டாயிரத்து நான்காம் வருடம், மழை ஓயும் நேரம். முந்தின வருடம் சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதை நடத்திக் கொடுக்க வெளிநாடுகளிலிருந்து நீலத் தொப்பிச் சிப்பாய்களும், லாரிகளும், கோதுமை ரவை மூட்டைகளும் வந்தன. எங்கள் ஊரான குலாத்தாவுக்கு வெளியே பழைய ரப்பர் தோட்டத்தில், படைகளில் இருந்தவர்களிடமிருந்து துப்பாக்கியைத் திரும்ப வாங்கும் முகாம் போட்டார்கள். மருத்துவக் கூடாரம் என் பொறுப்பு. மாத்திரை எண்ணிக் கொடுக்க ஒரு பெண்ணைத் தவிர வேறு ஆள் கிடையாது. ஒரு நாளைக்கு இருநூறு பேர் வந்தார்கள்.

அதனால் யாசாவை உள்ளே கூப்பிட்டேன். அவள் வேலிக்கு வெளியே, தகரக் கொட்டகைகளில் தங்கியிருந்த கூட்டத்தைச் சேர்ந்தவள். கூப்பிட்டவுடன் வந்தாள். முதலில் கையைக் கழுவினாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வேலைக்கு நடுவே துண்டு துண்டாகக் கேட்டதுதான். வடக்கே லோஃபா மாவட்டத்தில் அவளுடைய ஊர். பதினான்கு வயதில் ஒரு படை அந்த ஊருக்குள் வந்தது. அம்மாவும் அவளும் ஓடினார்கள். அம்மா வழியில் வயிற்றுப்போக்கில் போய்விட்டாள். படை யாசாவைச் சுமை தூக்க வைத்தது. அதே படை ஒரு மருந்துக்காரரையும் பிடித்து வைத்திருந்தது. கெஸெலி என்று பெயர். அரசு ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் வேலை பார்த்தவர். அவர் தண்ணீர் கொதிக்க வைக்கச் சொன்னார், இவள் வைத்தாள். குமிழி வருவதற்கு முன் அடுப்பிலிருந்து இறக்கினால் இடுக்கியாலேயே விரல் முட்டியில் அடிப்பாராம். இரண்டு வருடம் அடி வாங்கிக் கற்றுக்கொண்டாள். பிறகு அவர் காய்ச்சலில் இறந்தார். அன்றிலிருந்து பத்து வருடமாக அந்தப் படைக்கு அவள்தான் டாக்டர். மீன் தூண்டில் நரம்பால் தைத்தாள். தேன் தடவினாள். கொய்யா இலை காய்ச்சினாள். இரண்டு பிள்ளை பெற்றாள், இரண்டும் தங்கவில்லை. அதைச் சொல்லும்போதும் கட்டுத் துணியைச் சுருட்டுவதை அவள் நிறுத்தவில்லை.

இன்னொன்று நானாகவே கண்டுபிடித்தேன். முகாமுக்கு வரும் ஒவ்வொருவனையும் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்து, தழும்புகளைத் தாளில் எழுதுவது என் வேலை. தோள், தொடை, முதுகு என்று பார்த்துக்கொண்டே போகையில் ஒரே மாதிரித் தையல் திரும்பத் திரும்ப வந்தது. இடது கைக்காரர் போட்ட தையல், நெருக்கமாக, ஒவ்வொன்றும் தனித்தனி முடிச்சு. யாசா இடது கைக்காரி. என் தாள்களில் அந்தத் தையல் முப்பத்து நான்கு உடம்பில் இருந்தது.

ஆனால் முகாம் பட்டியலில் யாசா இல்லை.

விதி இதுதான். துப்பாக்கி கொடுத்தால் ஓர் அட்டை. அட்டை இருந்தால் ஊருக்குப் போக வண்டி, ஒரு தொழிற்பயிற்சி, எல்லாவற்றுக்கும் மேலாக, நீ போரை விட்டு வந்தவள் என்பதற்கு ஒரு சாட்சி. துப்பாக்கி இல்லாத பெண்களுக்கும் அட்டை உண்டு. அதற்கு அவர்களுடைய தளபதி, "இவ என் ஆளு" என்று சொல்ல வேண்டும். யாசாவின் தளபதி தோக்பா. பையன்கள் அவனைத் தூங்காத கர்னல் என்பார்கள். நாற்பது துப்பாக்கிகளும் நாற்பது பெயர்களும் கொடுத்திருந்தான். அதில் ஒன்று அவனுடைய சித்தி மகள். சந்தையில் வெண்டைக்காய் விற்றவள். அவளுக்குத் துப்பாக்கியில் எது முன்பக்கம் என்றே தெரியாது.

யாசாவின் பெயரை அவன் வேண்டுமென்றேதான் விட்டிருந்தான். கிழக்கே எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னொரு போர் நடந்துகொண்டிருந்தது. அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தோக்பா இருபது பேரையும் அவர்களுக்கான துப்பாக்கிகளையும் ஒளித்து வைத்திருந்தான். முகாம் மூடியதும் கிளம்புவதாகத் திட்டம். டாக்டர் இல்லாமல் எந்தப் பையனும் போக மாட்டான். அட்டை வந்துவிட்டால் யாசா இங்கேயே நின்றுவிடுவாள்.

"நீ போகப்போறியா?" என்று கேட்டேன்.

"போகணும்னு இல்ல, ஓல்மா."

"அப்ப இருந்துடு."

"யாரு வீட்ல?" என்றாள்.

முகாம் மூட மூன்று நாள் இருந்தது.

பதிவு மேசையில் இங்கேர் என்று ஒரு நார்வேக்காரப் பெண் இருந்தாள். வெயிலில் மூக்கு உரிந்துபோய், ஆனாலும் யார் வந்தாலும் எழுந்து நின்று கை கொடுப்பாள். யாசாவை அவளிடம் கூட்டிப் போனேன். மொழிபெயர்த்ததும் நான்தான்.

"நீங்க அந்தப் படையில இருந்தீங்களா?" என்று கேட்டாள் இங்கேர்.

"கர்னலைக் கேளுங்க" என்றாள் யாசா.

"அவரைக் கேட்டாச்சு. அவரு தெரியாதுங்கறாரு. நீங்க சொல்லுங்க."

"கர்னலைக் கேளுங்க."

நான்கு தடவை கேட்டாள். நான்கு தடவையும் அதே பதில். இங்கேர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பயப்படறாங்களா?"

"பயம்லாம் இல்ல. எங்க பக்கம் அப்படித்தான். வேத்தூர்ல இருந்து வந்தவங்களுக்கு யாரு சோறு போட்டு இடம் குடுத்தாங்களோ, அவங்கதான் பேசணும். நல்லதுக்கும் அவங்கதான், கெட்டதுக்கும் அவங்கதான். இவளுக்குச் சொந்தம்னு யாரும் இல்ல. ஆறு வருஷமா தளபதியா இருந்து சோறு போட்டவன் அவன். அவனுக்கு எதிரா இவ வாயத் திறந்தா, நாளைக்கு எந்த ஊர்லயும் இவளுக்குத் தண்ணி குடுக்க மாட்டாங்க."

"சரி, அதை எப்படி மாத்தறது?"

"அவன் வேற ஒருத்தர் கையில குடுக்கணும்."

"குடுப்பாரா?"

"கேட்டாத்தானே தெரியும்."

இங்கேர் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். பாவம், அவளுடைய விதிப் புத்தகத்தில் அதற்கு இடமிருந்திருக்காது.

யாசாவை நானே கேட்டு வாங்குவது என்று முடிவு செய்தேன். எனக்கு வேலைக்குக் கை வேண்டும், அதுதான் முதல் காரணம். புண்ணியம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மறுநாள் காலை சந்தையில் வெள்ளைக் கோலாக் கொட்டை நான்கு வாங்கினேன்; எதைக் கேட்கப் போனாலும் தட்டில் வைத்து நீட்ட வேண்டிய கசப்புக் கொட்டை அது. குலாத்தாவில் பஞ்சாயத்துப் பேசும் ஓல்பா ஃப்ளோமோவைப் போய்ப் பார்த்தேன். கேட்க வேண்டியதை நாமே கேட்கக் கூடாது, நமக்காக ஒரு வாய் பேச வேண்டும். அந்த வாய் எங்கள் ஊரில் அவர்தான். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஆள் குளித்துவிட்டு வந்துவிடலாம்.

"இன்னிக்கு வணக்கம் மட்டும் சொல்லலாம்" என்றார். "நாளைக்கு யாசா பேச்சை எடுக்கலாம். அவன் முடியாதும்பான். நாளான்னிக்கு ஒரு வெள்ளைக் கோழி கொண்டு போகலாம்."

"நாளான்னிக்கு முகாம் மூடிடும், ஓல்பா."

"அவசரம் அவசரம்னா எப்படிம்மா? இது என்ன ஊசி போடறதா?"

மதியத்துக்குப் பிறகு போனோம். யாசாவும் பின்னால் வந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். தோக்பா மாமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தான். கறுப்புக் கண்ணாடி, காலில் பெண்கள் போடும் ரோஜா நிறச் செருப்பு. சுற்றிலும் இருபதுக்கு மேல் பையன்கள். ஒரு மூலையில் சட்டியில் கோதுமை ரவை வெந்துகொண்டிருந்தது. அதை ஒருவன் கிண்டியபடி திட்டிக்கொண்டிருந்தான்.

"இதைத் தின்னு தின்னு நாங்க கோழியாயிடுவோம், ஓல்மா. வெள்ளைக்காரங்ககிட்ட அரிசி இல்லையா?"

"அவங்க ஊர்ல விளையாதுடா."

"அப்ப எதுக்கு அங்க இருக்காங்க?"

தோக்பாவுக்கு இருபத்தாறு வயதிருக்கும். அடுத்த ஊரில் பனங்கள் இறக்குகிறவரின் மகன். பன்னிரண்டு வயதில் துப்பாக்கி தூக்கினான். அவனுடைய தாய்மாமன் ஒருவர் அவனோடேயே இருந்தார். வயதானவர், படைக்குச் சமைப்பவர். அவரும் அங்கே பாயில் உட்கார்ந்திருந்தார்.

ஃப்ளோமோ தட்டில் கோலாவை வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். "நாங்க வந்திருக்கோம்" என்று ஆரம்பித்தார். பிறகு மூச்சு விட நிறுத்தினார்.

முறைப்படி, வாங்குகிறவன் தட்டைத் தொட்டுவிட்டுத் தன் பக்கத்துப் பெரியவரிடம் தர வேண்டும். பெரியவர், "இந்தக் கோலா என்ன பேச வந்திருக்கு?" என்று கேட்க வேண்டும். நாம் சொல்ல வேண்டும். கேட்டதில் விருப்பமிருந்தால் மட்டுமே கோலாவை உடைப்பார்கள். விருப்பமில்லையென்றால், "கேட்டோம், யோசிக்கிறோம்" என்று தட்டை அப்படியே வைத்துவிடலாம். யாருக்கும் மனத்தாங்கல் வராது. ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூட இது தெரியும், அது வீட்டில் வளர்ந்திருந்தால்.

தோக்பா வீட்டில் வளரவில்லை. காவல் இரவுகளில் தூக்கம் வராமலிருக்கக் கோலா மென்று மென்று அவனுக்கு அது பழக்கமாகியிருந்தது. பெயரே அதனால் வந்ததுதான். தட்டு அருகே வந்ததும் கை தானாகப் போனது. ஒன்றை எடுத்து, பேச்சைக் கேட்டபடியே, பாதியைக் கடித்துவிட்டான்.

மாமன் தலையில் கை வைத்துக்கொண்டார். ரவை கிண்டியவன் கிண்டுவதை நிறுத்தினான்.

"என்ன?" என்றான் தோக்பா, மென்றுகொண்டே.

ஃப்ளோமோ வாழ்நாளில் முதல் தடவையாக வேகமாகப் பேசினார். "கோலா வாய்க்குள்ள போயிருச்சு, மகனே. அது என்ன கேட்டு வந்துதுன்னு சொல்றேன். யாசான்னு ஒரு பொண்ணு உன் கையில இருக்கா. இத்தனை வருஷம் சோறு போட்டு வச்சிருந்தே, உனக்கு நன்றி. இனி அவ இந்த ஓல்மா கையில இருக்கட்டும். அதான் கேட்டுது. நீ சரின்னு தின்னுட்டே."

தோக்பா மெல்லுவதை நிறுத்தினான். கண்ணாடியைக் கழற்றினான். கண்கள் சிவந்து, சின்னப் பையனுடையவை போல இருந்தன.

"இது என்ன ஏமாத்து வேலை? நான் எதுக்கும் சரி சொல்லல. துப்பிடறேன், போங்க."

"துப்பாதீங்க, கர்னல்" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"யாருடா அது?"

எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள். குண்டு மழைக்குள் ஓடிய பையன்கள்தான். என்றாலும் அத்தனை பேரும் ஏதோ ஒரு ஊரில் ஒரு அம்மாவுக்குப் பிறந்தவர்கள். கோலாவைத் துப்பியவனோடு நடந்து போனால் வழியில் ஆறு தாண்டவிடாது என்று அவர்களுக்குச் சொல்லித்தான் வளர்த்திருப்பார்கள். தோக்பாவும் அந்த முகங்களைப் பார்த்தான். இருபது பேரைக் கூட்டிக்கொண்டு எல்லை தாண்ட வேண்டியவன் அவன்.

மாமன் பாயிலிருந்து சொன்னார். "முழுங்கு தோக்பா. முழுங்கிட்டுத் தண்ணி குடி. உனக்கு இதைச் சொல்லித் தராதது எங்க தப்பு."

விழுங்கினான். தண்ணீர் குடித்தான். பிறகு என்னைப் பார்த்து, "கூட்டிட்டுப் போ, கெழவி" என்றான். "ஆனா கோலா ஆளைத்தான் கேட்டுது. பட்டியலைக் கேக்கல. அந்த நார்வேக்காரி வந்து கேட்டா, இவ யாருன்னே தெரியாதுன்னுதான் சொல்லுவேன்."

அவன் சொன்னது சரிதான். ஃப்ளோமோ அவசரத்தில் பட்டியலைச் சேர்க்க மறந்துவிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் அதையே சொல்லிச் சொல்லி வருந்தினார்.

யாசா என் பின்னால் நடந்து வந்தாள். ரப்பர் மரங்கள் முடியும் இடத்தில், "என்னை எதுக்கு வாங்கின, ஓல்மா?" என்று கேட்டாள்.

"வேலைக்கு. ராத்திரி என் வீட்ல தூங்கு. பாய் ஒண்ணுதான் இருக்கு, இன்னொண்ணு வாங்கணும்."

"சரி."

"இப்ப உனக்கு நான் இருக்கேன். அதனால நீ பேசலாம். யாராவது கேட்டா, ஓல்மா பேசச் சொன்னாங்கன்னு சொல்லு."

முன்னால் வந்து என் பக்கத்தில் நடந்தாள். "எல்லாமா?"

"அவங்க கேக்கறதை மட்டும். மிச்சம் உன்னோடது."

அன்றைக்குப் பதிவு மேசை மூட ஒரு மணி நேரம் இருந்தது. யாசா உட்கார்ந்து பேசினாள். வருடம் தேதி எதுவும் அவளுக்குத் தெரியாது. காயங்களால் கணக்கு வைத்திருந்தாள். பாலத்துச் சண்டையில் பதினொரு பேர், நான்கு பேர் போய்விட்டார்கள். ரம்ப மில் சண்டையில் ஒரே ஆள், வயிற்றில், மூன்று நாள் கிடந்தான், தண்ணீர் கேட்டான், கொடுக்கக் கூடாது என்று தெரிந்தும் மூன்றாம் நாள் கொடுத்தாள். இங்கேர் எழுதிக்கொண்டே வந்தாள். வயிற்றுக் காயக்காரனிடம் வந்ததும் எழுதவில்லை.

கடைசியில், "நான் நம்பறேன்" என்றாள். "நான் நம்பினா மட்டும் பத்தாது. தளபதி சொல்லணும், இல்ல துப்பாக்கி இருக்கணும்."

நான் என் தாள்களைக் கொண்டுவந்து மேசையில் போட்டேன். "இந்த முப்பத்தி நாலு பேருக்கும் நீங்க அட்டை குடுத்தாச்சு. இவங்க படையில இருந்தாங்கன்னு ஒத்துக்கிட்டாச்சு. அத்தனை பேர் உடம்புலயும் ஒரே கைத் தையல். இந்தக் கை. சந்தேகம்னா யாரையாவது கூப்பிட்டுச் சட்டையத் தூக்கச் சொல்லுங்க. இவ தைக்கறதை நேர்ல காட்டறேன், பக்கத்துல வச்சுப் பாருங்க."

"இதை எழுதித் தருவீங்களா?"

"எவ்வளவு தெரியுமோ அவ்வளவு எழுதறேன்."

எழுதினேன். ஒன்பது நாளாக இவளைத் தெரியும் என்றுதான் எழுதினேன், கூட்டிச் சொல்லவில்லை. ஒன்பது நாளில் இவள் பார்த்த காயங்கள் நாற்பத்தொன்று, அவற்றில் ஒன்றுகூடச் சீழ் வைக்கவில்லை என்றும் எழுதினேன். இங்கேர் அதைத் தலைநகரத்துக்கு வயர்லெஸ்ஸில் படித்துக் காட்டினாள். அந்தப் பக்கத்தில் யாரோ, காலையில் சொல்கிறோம் என்றார்கள்.

அன்று இரவு யாசா என் வீட்டில் மரவள்ளி இலைக் குழம்பும் சோறும் சாப்பிட்டாள். மூன்று தட்டு. எனக்குப் பாயைக் கொடுத்துவிட்டு அவள் அரிசிச் சாக்கின் மேல் படுத்தாள். நான் மறுக்கவில்லை, என் இடுப்பு அப்படி.

மறுநாள் காலை முகாமுக்குப் போனபோது வேலிக்கு வெளியே ஒரு வரிசை நின்றிருந்தது. தோக்பாவின் ஆட்கள். ஒளித்து வைத்திருந்தவர்களில் பதின்மூன்று பேர். ஒவ்வொருவன் கையிலும் பிளாஸ்டிக்கில் சுற்றிய துப்பாக்கி. இங்கேர் என்னைத் தனியாக இழுத்துக் கேட்டாள்: "இவங்க எங்கிருந்து வந்தாங்க? நேத்து வரைக்கும் எல்லாம் குடுத்தாச்சுன்னாங்களே."

"டாக்டர் இங்க நின்னுட்டா. அவ இல்லாம யாரு போவா?"

யாசாவுக்குப் பதில் ஒன்பது மணிக்கு வந்தது. ஒப்புக்கொண்டார்கள், பெயர் சேர்க்கச் சொன்னார்கள். புகைப்படம் எடுக்கும்போது அவள் கேமராவைப் பார்க்கவில்லை, வரிசையில் நொண்டி நின்ற ஒருவனுடைய காலையே பார்த்தாள். மூன்றாவது தடவைதான் படம் சரியாக வந்தது. பெருவிரல் வைத்தாள். எந்தத் தொழிலில் பயிற்சி வேண்டும் என்று கேட்டார்கள். சோப்பு செய்வது, ரொட்டி சுடுவது, துணி தைப்பது, விவசாயம். தாதி வேலை அதில் இல்லை. அதற்கு ஒன்பதாம் வகுப்பு படித்திருக்க வேண்டுமாம். யாசா மூன்றாம் வகுப்பு.

"துணி தைக்கறேன்" என்றாள். "கத்தாது, ரத்தம் வராது. லேசாத்தான் இருக்கும்."

இங்கேர் சிரித்துவிட்டு, பிறகு சிரித்ததற்காக மன்னிப்புக் கேட்டாள். தையல் வகுப்பு மதியம் மட்டும்தான் என்று நான் விசாரித்துக்கொண்டேன். காலையில் அவளை எனக்கு விட்டுவிட வேண்டும் என்று மேசையிலேயே சொல்லிவிட்டேன்.

பத்து மணிக்கு யாசா அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கூடாரத்துக்கு வந்தாள். பதினாறு பேர் காத்திருந்தார்கள். குனிந்தால் அட்டை காயத்தில் தொங்கியது. கழற்றி, கூடாரக் கம்பத்தில் இருந்த ஆணியில் மாட்டினாள். தண்ணீர் கொதித்துவிட்டதா என்று மூடியைத் திறந்து பார்த்தாள். கொதிக்கவில்லை. அடுப்பில் இன்னும் இரண்டு கட்டை வைத்தாள்.